நீர்க்கடுப்புக்கு நான் கொடுத்த மருந்துகள்

மருந்துக் கடைக்காரனை ஊர் பாதி டாக்டர் என்று நம்பும். மீதிப் பாதியை அவனே நம்பிக்கொள்வான். இந்தத் தொழிலில் இருக்கிற ஆபத்து அவ்வளவுதான்.

ஆவுடையார்கோவிலிலிருந்து மீமிசல் போகிற வழியில் ஒரு கடைத்தெரு. அங்கே எனக்கு ஒரு மருந்துக் கடை, பதினெட்டு வருஷமாக. டி.பார்ம் படித்திருக்கிறேன். சர்டிபிகேட் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்குகிறது. கவுண்டரில் என்னோடு நிற்பவர் ஜெயராணி. கடை திறந்து ஆறாவது வருஷம் வேலைக்கு வந்தவர்; இன்னும் இருக்கிறார். என் பெயரை விடுங்கள். கீழே இருப்பதைப் படித்து முடித்தபிறகு பெயர் தெரியாமல் இருப்பதே நல்லது என்று நீங்களும் சொல்வீர்கள்.

காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு விஷயத்தில் நான் செய்த தவறுகளை ஊர் மறந்துவிட்டது. நீர்க்கடுப்பு விஷயத்தில் நான் செய்ததை என்னால் மறக்க முடியவில்லை. ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை முட்டிக்கொண்டு வருவது, போனால் நாலு சொட்டு, அடிவயிற்றில் ஒரு கடுப்பு. உங்களில் பலருக்கு வந்திருக்கும். வரவில்லை என்று சொல்பவர்களில் பலர், வந்ததை வெளியில் சொல்லாதவர்கள். உங்களிடம் நான் மறைத்து என்ன ஆகப்போகிறது.

சத்தம்

கடை திறந்த புதுசு. கூட்டம் இருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா ஓரமாக நின்றுகொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டிருந்தார். கேட்டால் ஒரு தைலம் வாங்கினார். அப்புறம் கொஞ்சம் பஞ்சு. அப்புறம் ஒரு பிளாஸ்திரி. போகவும் இல்லை. கடைசியில், "சூட்டுக்கு ஏதாச்சும் இருந்தாக் குடுங்க" என்றார். என்ன சூடு, கண் எரிச்சலா, வாய்ப்புண்ணா என்று நான் கேட்கக் கேட்க அவர் தலையைக் குனிந்துகொண்டே போனார். அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்தது. நான் ஹாரனுக்கு மேலே போய், "ஒன்னுக்குப் போனா எரியுதாம்மா? நீர்க்கடுப்பா?" என்று கத்தினேன்.

கடையில் இருந்த ஆறு பேரும் திரும்பினார்கள். அதில் ஒருவர் அவருடைய வீட்டுக்காரருக்குப் பங்காளி என்பது எனக்குத் தெரியாது. அடுத்த நிமிஷம் அங்கே ஒரு வைத்திய சபை கூடிவிட்டது. வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கச் சொன்னார் ஒருவர். சின்ன வெங்காயத்தைப் பச்சையாக மெல்லச் சொன்னார் இன்னொருவர். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தால் போதும் என்றார் பங்காளி. நானும் அந்தச் சபையில் சேர்ந்து, அதெல்லாம் அந்தக் காலம், இதற்கு மாத்திரைதான் என்று பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடித்துவிட்டுப் பார்த்தால் அந்த அம்மா இல்லை. வாங்கிய தைலமும் பஞ்சும் கவுண்டர் கண்ணாடி மேலேயே இருந்தன.

மூன்று வாரம் கழித்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து வாங்க வந்தார். இந்தத் தடவை நான் குரலைத் தாழ்த்தி, அன்றைக்குப் போய்விட்டீர்களே, சரியாகிவிட்டதா என்று கேட்டேன். அறந்தாங்கிக்கு பஸ் ஏறிப்போய், முகம் தெரியாத ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார். மருந்துப் பையை வாங்கிக்கொண்டு சொன்னார்: "எரிச்சல் நாலு நாள்ல போயிருச்சுங்க. நீங்க போட்ட சத்தந்தான் ஊருக்குள்ள இன்னும் போகல."

ரெண்டே ரெண்டு

பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் என் கடைக்கு வாடிக்கை. ஒருநாள் காலையில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கி வந்தார். நேற்றிலிருந்து எரிச்சல், இன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு அதிகாரிகள் வருகிறார்கள், டாக்டரிடம் போக நேரமில்லை, ரெண்டே ரெண்டு மாத்திரை கொடுங்கள் என்றார். ஆன்டிபயாட்டிக்கைச் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். கொடுத்தாலும் டாக்டர் சொன்ன நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும், பாதியில் விட்டால் சாகாமல் தப்பித்த கிருமி அடுத்த தடவை அந்த மருந்துக்கு மசியாது என்பதும் தெரியும். பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். இருந்தாலும் கத்தரிக்கோலை எடுத்து அட்டையில் இரண்டு மாத்திரையை வெட்டிக் கொடுத்தேன். மறுநாள் போகும்போது ஆட்டோவிலிருந்தே கையைக் காட்டி, சரியாகிவிட்டது என்று தலையை ஆட்டினார். எனக்கு ஒரே பெருமை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். மறுபடி இரண்டு. அதற்கப்புறம் ஒரு தடவை. மூன்று தடவையும் கேட்டவர் அவர்தான், ஆனால் தெரிந்தே வெட்டியது நான். நாலாவது தடவை அவர் வரவில்லை. வீட்டுக்காரர் வந்து பாராசிட்டமால் வாங்கிப்போனார். டீச்சருக்குக் குளிர்க்காய்ச்சல், புதுக்கோட்டையில் சேர்த்திருக்கிறோம் என்றார்.

பத்து நாள் கழித்து டீச்சரே வந்தார். முகம் வாடிக் கழுத்தெலும்பு தெரிந்தது. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கண்ணாடி மேல் விரித்து வைத்தார். சிறுநீரில் இருக்கிற கிருமியை வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அது சாகும், எதற்குச் சாகாது என்று சொல்கிற ரிப்போர்ட். சாகும் மருந்துக்கு நேரே எஸ் என்றும், சாகாததற்கு ஆர் என்றும் போட்டிருந்தது. நான் கொடுத்த மாத்திரைக்கு நேரே ஆர். அதன் பங்காளி மருந்துகள் இரண்டுக்கும் ஆர். கடைசியில் ஊசி மருந்து ஒன்றுதான் கேட்டிருக்கிறது. ஒரு வாரம் கையில் ஊசி குத்திக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். அந்த ஆருக்கு நான் ஒருவன்தான் காரணம் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஊரில் எத்தனையோ கடை, எத்தனையோ கத்தரிக்கோல். ஆனாலும் என்னால் அந்தக் காகிதத்திலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. டீச்சர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வகுப்பில் பேசுகிற மாதிரியே நிதானமாகச் சொன்னார்: "மூணு தடவை ரெண்டு ரெண்டாக் குடுத்தா ஆறு மாத்திரை வரும் சார். முழு மருந்து வராது."

வாழைத்தண்டு

ரிடையரான பஸ் டிரைவர் ஒருவர். எதிலும் அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை. இவருக்கு டாக்டரே எழுதிக்கொடுத்து, சீட்டோடு வந்து முழு மருந்தையும் வாங்கிப்போனார். ஆறாம் நாள் வந்து, என் கடையில் நின்றுகொண்டே, வாழைத்தண்டுச் சாறு குடித்ததில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மாத்திரை என்ன ஆயிற்று என்று கேட்டேன். அதுவும் சாப்பிட்டேன், அது துணைக்கு என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. வாழைத்தண்டு, பார்லி, பூசணிச்சாறு எல்லாம் வெறும் தண்ணீர்தான், ஊரை ஏமாற்றுகிற வேலை என்று சர்டிபிகேட்டைக் காட்டிக் காட்டிப் பேசினேன்.

அடுத்த வாரமே ஒரு கம்பெனி ஆள் வந்து, நீர்க்கடுப்புக்கு மூலிகை சிரப் என்று இலைப் படம் போட்ட பச்சைப் பாட்டில்களை இறக்கினார். ஜனங்கள் கேட்கிறார்கள், நாம் வைக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கண்ணாடி அலமாரியில் முன் தட்டில் அடுக்கினேன். அதன்மேல் ஒரு சின்ன விளக்கும் போட்டேன். டிரைவர் பிரஷர் மாத்திரை வாங்க வந்தார். அந்த விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "போன வாரம் ஏமாத்து வேலைன்னீங்க. பாட்டில்ல அடைச்சா மருந்தாயிருமா தம்பி?"

பார்லி

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

டீச்சர் விஷயத்துக்கு அப்புறம் நான் கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிட்டேன். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கிடையாது என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் நல்லவன். மாத்திரை கொடுப்பதை விட்டேனே தவிர, யோசனை சொல்வதை விடவில்லை.

பக்கத்துக் கிராமத்திலிருந்து சத்யா என்ற பெண் மாமியாரோடு வந்தாள். ஐந்து மாதம். வீட்டுக்காரன் குவைத்தில். ஒரு வாரமாக எரிச்சல், அடிவயிறு வலிக்கிறது என்று மாமியார்தான் சொன்னார். அவருக்கு ஒரே பயம், மாத்திரை சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதே என்று. எனக்கும் டீச்சரின் காகிதம் கண்ணில் நின்றது. "வாயும் வயிறுமா இருக்கிற புள்ளைக்கு எதுக்கும்மா மாத்திரை? பார்லியக் காய்ச்சிக் குடுங்க. எளநி குடுங்க. சூடுதான், தணிஞ்சிரும்" என்றேன். மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. பார்லிப் பொட்டலத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் மட்டும் நகரவில்லை. "நர்ஸம்மாகிட்ட காட்டணுமாண்ணே?" என்று கேட்டாள். வாரத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிற நர்ஸ். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "இதுக்கெல்லாமாம்மா? அடுத்த செக்கப்புக்குப் போறப்ப சொல்லிக்கலாம்."

கர்ப்பிணிகளுக்கு நீர்த்தொற்று வந்தால் சும்மா விடக் கூடாது, பிள்ளைக்கு ஆபத்தில்லாத மருந்துகள் இருக்கின்றன, டாக்டர் பார்த்துக் கொடுப்பார் என்பதும் நான் படித்த பாடத்தில்தான் இருந்தது. எட்டு நாள் பார்லித் தண்ணீர் குடித்திருக்கிறாள். ஒன்பதாம் நாள் விலாவில் வலி, வாந்தி, கட்டில் ஆடுகிற மாதிரி நடுக்கம். ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப்போயிருக்கிறது. தொற்று கிட்னிக்கு ஏறிவிட்டது என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். கடைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டதில்தான் எனக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெயராணி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் கையில் ஆரஞ்சும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்தனுப்பினேன். நான் போகவில்லை. கடையை விட்டு நகர முடியவில்லை என்று சொல்லிக்கொண்டேன். கடை ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

சத்யா பிழைத்துவிட்டாள். பிள்ளை எட்டாம் மாதமே பிறந்தது. கை அகலம்தான் இருந்தது என்றார்கள். பல நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள். இதனால்தான் முன்கூட்டியே பிறந்தது என்று டாக்டர்கள் உறுதியாகச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. இப்போது அந்தப் பெண் பிள்ளை பால்வாடிக்குப் போகிறது. அதன் அப்பா லீவில் வந்தபோது அதைத் தோளில் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தார். சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். சளி மருந்து வாங்கிக்கொண்டு, கூட்டம் போகும்வரை காத்திருந்து, மெதுவாகத்தான் பேசினார். "அவ கேட்டாளாம், நர்ஸம்மாகிட்ட காட்டணுமான்னு. நீங்க இதுக்கெல்லாமான்னு சிரிச்சீங்களாம். மருந்துல தப்பு வரலாம்ணே. கேக்குற ஆளப் பாத்துச் சிரிக்காதீங்க."

மூணு லிட்டர்

அதற்கப்புறம் மாத்திரையும் இல்லை, கசாயமும் இல்லை, யார் வந்தாலும் டாக்டர் இருக்கிற தெருவைக் கைகாட்டினேன். ஆனால் பழக்கம் லேசில் போகுமா? தண்ணீர் குடியுங்கள் என்று சொல்வதில் யாருக்கு என்ன கெடுதல் வந்துவிடும் என்று அதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

காளியம்மா என்கிற மீன்காரம்மா மீமிசலிலிருந்து வருவார். தெருத்தெருவாகக் கூவி விற்றுவிட்டு, கூடையைக் கடை வாசலில் இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து போவார். அவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இந்த வியாதி வரும். சிறுபீளைக் கசாயம், நீர்முள்ளி, அரைத்த வெள்ளரி விதை என்று ஒன்று பாக்கியில்லை. டாக்டரிடமும் போய் முழு மருந்தும் சாப்பிட்டிருக்கிறார். போகும், வரும். ஒருநாள் நான் பெரிய மனிதனாக, மாத்திரையும் வேண்டாம் மூலிகையும் வேண்டாம், நீங்கள் தண்ணீரே குடிப்பதில்லை, அதுதான் காரணம், தினம் மூன்று லிட்டர் குடிக்க வேண்டும் என்று பிரசங்கம் செய்தேன். ஒரு லிட்டர் பாட்டிலைத் தூக்கி, இது மாதிரி மூன்று என்று காட்டவும் செய்தேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முழுதையும் கேட்டார். "விடியக் கருக்கல்ல ஏலத்துக்குப் போறேன் தம்பி. கூடையத் தூக்குனா மத்தியானம் வரைக்கும் தெருத்தான். ஆம்பளைக்கு ஒரு செவுரு போதும். நீ சொல்ற மூணு லிட்டரையும் குடிக்கிறேன். அத எறக்கி வைக்க எனக்கு யாரு வீட்டுக் கதவத் தெறந்து விடுவாக?"

ரெண்டாவது வரி

காளியம்மா சொன்னதற்கு நான் சிரித்தேன். நல்ல கேள்வி கேட்டுவிட்டார் என்கிற சிரிப்பு. பக்கத்தில் நின்ற ஜெயராணி சிரிக்கவில்லை. அதை நான் பார்த்தேன், பார்த்ததோடு சரி.

என் கடையில் கழிப்பறை கிடையாது. கட்டும்போது இடமில்லை என்று விட்டுவிட்டேன். எனக்குப் பின்பக்கம் காலி மனை இருந்தது. ஜெயராணி காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை நிற்பார். ஆரம்பத்தில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய் வந்துகொண்டிருந்தார். போய்வரக் கால் மணி நேரம். கூட்டமாக இருந்த ஒருநாள் திரும்பி வந்தவரைப் பார்த்து, "அடிக்கடி எங்கிட்டும்மா போயிர்ற?" என்று கேட்டேன். அன்றிலிருந்து அவர் போவதையே விட்டுவிட்டார். நான் அதைக் கவனித்ததாகக்கூட ஞாபகம் இல்லை. மதியம் சாப்பிடும்போது இரண்டு மடக்குத் தண்ணீர், அவ்வளவுதான் குடிப்பார். பாட்டில் நிறைய அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போகும். வருஷத்துக்கு மூன்று நாலு தடவை, "அண்ணே, அந்த மாத்திரை எடுத்துக்கிறேன்" என்பார். எடுத்துக்கோ என்பேன். நம் கடை ஆள், நாம் பார்த்துக்கொள்கிறோம் என்று உள்ளூர ஒரு திருப்தி வேறு.

ஒருமுறை ஒரு வாரம் வரவில்லை. காய்ச்சல் என்று போன் வந்தது. திரும்பி வந்த அன்று, கவுண்டருக்கு உள்ளே வராமல், வாடிக்கைக்காரர்கள் நிற்கிற பக்கமே நின்று ஒரு சீட்டை நீட்டினார். முதல் வரியில் மாத்திரை. அதற்குக் கீழே டாக்டரம்மா தமிழில் எழுதியிருந்தார்: நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், சிறுநீரை அடக்கவே கூடாது. ஜெயராணி வந்து பன்னிரண்டு வருஷமாக இடமில்லை என்று சொன்ன நான், சரக்கு அறையில் பாதியை இடித்து ஒன்றரை மாதத்தில் கழிப்பறை கட்டிவிட்டேன். கட்டியதற்காக என்னை யாரும் பாராட்ட வேண்டாம். கட்ட வைத்தது அன்றைக்கு ஜெயராணி சீட்டை நீட்டிக்கொண்டு சொன்னதுதான்: "மொத வரியில இருக்கிறது நம்ம கடையில இருக்குண்ணே. ரெண்டாவது வரியில இருக்கிறதுதான் இல்ல."

என் முறை

ஆம்பிளைகளுக்கு இது அவ்வளவாக வராது என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு திங்கட்கிழமை காலையில் எனக்கு வந்தது.

நியாயமாகப் பார்த்தால் அடுத்த தெருவில் இருக்கிற டாக்டரம்மாவிடம் போயிருக்க வேண்டும். தினம் அவருடைய சீட்டுகள் என் கடைக்குத்தான் வருகின்றன. அவர் முன்னால் போய் உட்கார்ந்து எரிகிறது என்று எப்படிச் சொல்வது? பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு அம்மா தைலமும் பஞ்சும் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றாரே, அந்த இடத்தில் நான் நின்றேன். ஜெயராணி சாப்பிடப் போன நேரத்தில் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையை வெட்டி வாயில் போட்டுக்கொண்டேன். வீட்டில் வாழைத்தண்டுச் சாறு கேட்டேன். பார்லியும் காய்ச்சச் சொன்னேன். எதற்கு என்று மனைவி சுமதி கேட்டதற்கு, வெயில் ஜாஸ்தியாக இருக்கிறது என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். மூன்றாம் நாள் எரிச்சல் குறைந்தது. என் வைத்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் கொடும்பாளூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். புதுக்கோட்டை வருவதற்கு முன்னாலேயே, சித்திரை வெயிலில், பல் கிட்டிக்கொண்டு நடுங்க ஆரம்பித்தது. சுமதி காதுகுத்துக்கு எடுத்து வைத்திருந்த புதுத் துண்டைப் பிரித்து எனக்குப் போர்த்திவிட்டாள். அப்படியே இறக்கி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். புரோஸ்டேட் வீங்கி வழியை அடைத்திருந்தது, தேங்கிய நீரில் தொற்று. மருந்தை ஒருநாள் விடாமல் முழுதும் சாப்பிட்டு, அதற்கப்புறம் வீக்கத்துக்கும் வைத்தியம் பார்த்துக் குணமாகிவிட்டேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சொல்ல வந்தது அதுவல்ல, படுக்கையில் போட்ட அன்றைக்கு நடந்தது.

டாக்டர் சின்ன வயதுக்காரர். என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். வாழைத்தண்டையும் பார்லியையும் முதலில் சொன்னேன். "அது தப்பில்ல. தண்ணி உள்ள போறது நல்லதுதான். ஆனா கிருமி உள்ள உக்காந்துட்டா அது மட்டும் பத்தாது" என்றார். வேறு என்ன என்றார். இரண்டு மாத்திரை என்று முனகினேன். எந்த டாக்டர் கொடுத்தது என்றார். கடையில் வாங்கினது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரெண்டு மாத்திரையை வெட்டிக் கொடுக்கிற ஒரு கடைக்காரனையாவது நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைக்கிறேன், எந்த ஊர்க் கடை என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு, காய்ச்சலில் காது கேட்காதவன் மாதிரி கிடந்தேன். தலைமாட்டில் நின்ற சுமதி துண்டைச் சரிசெய்துகொண்டே அவருக்குப் பதில் சொன்னாள்: "நாலு வார்த்தை இப்பவே கேட்டுருங்க டாக்டர். அந்தக் கடைக்காரரு இந்தக் கட்டில்லதான் படுத்திருக்காரு."

நீர்க்கடுப்புக்கு மாத்திரை நல்லதா வீட்டு வைத்தியம் நல்லதா என்று இன்றைக்கும் வந்து கேட்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் பேசிக்கொண்டே இருந்தவன் வாயை மூடிக்கொண்டதுதான் இந்த ஊருக்கு நான் கொடுத்ததிலேயே பக்கவிளைவு இல்லாத மருந்து.